32 கேபிக்குள் ஒரு குடித்தனம்

மைக்ரோகன்ட்ரோலருக்கு நிரல் எழுதுகிறவர்களில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சிக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் லைப்ரரி வேண்டும். எல்.இ.டி. மினுக்க ஒரு லைப்ரரி, பட்டன் அமுக்கினதைக் கண்டுபிடிக்க ஒரு லைப்ரரி, அந்த லைப்ரரி கேட்கிறதே என்று இன்னும் இரண்டு. இரண்டாம் கட்சிக்காரர்களுக்கு லைப்ரரி என்ற சொல்லே பிடிக்காது. "இதுக்குப் போய் லைப்ரரியா? நாலு வரி எழுதினா முடிஞ்சுது" என்று ஆரம்பித்து, மூன்று ராத்திரி கண்விழித்து நானூறு வரி எழுதியிருப்பார்கள். வைவா அன்று இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் முழிப்பார்கள். ஒருத்தருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது, இன்னொருத்தருக்கு ஏன் நடக்கவில்லை என்று தெரியாது :-)

இரண்டு கட்சியும் பாதி சரி. சிப்பில் இடம் இல்லை என்பது, வசதிக்காகச் சேர்த்த லைப்ரரிகளை வெட்டியெறிய நல்ல காரணம். ஆனால் ஒரு வேலை சரியாகவும் பத்திரமாகவும் நடக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்த லைப்ரரியை வெட்ட அதே காரணத்தைச் சொல்லக் கூடாது. அந்த இடத்தில் இடம் போதவில்லை என்றால் சிப்பை மாற்ற வேண்டும், அல்லது அந்த வசதியையே கைவிட வேண்டும். நடுவில் "நானே சின்னதா எழுதிடறேன்" என்று ஒரு குறுக்குச் சந்து இருக்கிறதே, அதில்தான் விபத்துகள் நடக்கின்றன.

எவ்வளவு இடம் என்று முதலில் பார்த்துவிடலாம். எல்லோர் கையிலும் இருக்கும் பழைய ஆர்டுவினோ ஊனோ 2010இல் வந்த பலகை. அதில் இருப்பது ஏடிமெகா328பி சிப். ஃபிளாஷ் 32,768 பைட். பூட்லோடருக்கு 512 போக உங்களுக்கு மிச்சம் 32,256. ரேம் 2,048 பைட். யூனிகோடில் சேமித்தால் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும். இந்தப் பதிவின் முதல் இரண்டு பத்திகளைக்கூட அந்த ரேமுக்குள் அடைக்க முடியாது. அதற்குள்தான் சென்சார், திரை, கார்டு என்று சகலமும் குடும்பம் நடத்த வேண்டும்.

ஒன்றுமே எழுதாத காலி நிரலை ஆர்டுவினோ 1.8 வரிசை மென்பொருளில் கம்பைல் செய்தால் 444 பைட் ஃபிளாஷ், 9 பைட் ரேம். எல்.இ.டி. மினுக்கும் உதாரண நிரல் 924 பைட். இது வரைக்கும் சொர்க்கம்.

இப்போது ஒரு நிஜமான வேலை. தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜின் வெப்பநிலையை எழுதிவைக்கும் கருவி. இறுதியாண்டு புராஜெக்ட் பட்டியல்களில் அடிக்கடி தென்படும் தலைப்பு. பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். சூடானால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்துவிட்டாலும் கெட்டுவிடும், பார்வைக்கு அது தெரியாமலும் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே கருவி என்ன எழுதிவைக்கிறது என்பதில் ஒரு குழந்தையின் ஊசி இருக்கிறது. தேவையான சாமான்கள்: ஒரு டிஎஸ்18பி20 சென்சார், ஒரு எஸ்டி கார்டு, 128-க்கு 64 புள்ளி உள்ள ஒரு குட்டி ஓலெட் திரை. ரிச்சி தெருவில் அரைமணி நேரம் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும்.

அதற்கப்புறம் எந்தக் கல்லூரி லேபிலும் கேட்கக்கூடிய உரையாடல் இது:

"அண்ணா, கம்பைல் பண்ணினா ரேம் பாதிகூட ஆகலைன்னு காட்டுது. ஆனா டிஸ்ப்ளே வரவே மாட்டேங்குது."

"என்னென்ன லைப்ரரி போட்டிருக்கே?"

"எஸ்டி கார்டுக்கு ஒண்ணு, டிஸ்ப்ளேக்கு ஒண்ணு, சென்சாருக்கு ரெண்டு. அவ்வளவுதாண்ணா."

"டிஸ்ப்ளே ஃபால்ட்டா இருக்கும்டா, வேற வாங்கிப் பாரு."

சீனியர் அண்ணா சொன்னபடி வேறு திரை வாங்கினாலும் வேலை செய்யாது. பேப்பரை எடுத்துக் கூட்டிப் பார்த்தால் போதும். எஸ்டி லைப்ரரி கார்டின் ஒரு செக்டரை அப்படியே ரேமில் வைத்துக்கொள்ளும்: 512 பைட். எஸ்எஸ்டி1306 திரைக்கான பிரபலமான அடாஃப்ரூட் லைப்ரரி திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிட் ஒதுக்கும்: 128 பெருக்கல் 64 வகுத்தல் 8, ஆக 1,024 பைட். சீரியல் போர்ட்டுக்கு வர 64, போக 64. ஐ2சி லைப்ரரிக்குள் 32 பைட் தாங்கிகள் ஐந்து, அது 160. மொத்தம் 1,824. இருப்பது 2,048. மிச்சம் 224 பைட்டில் உங்கள் மாறிகள், ஸ்டாக், இரட்டை மேற்கோளுக்குள் எழுதிய அத்தனை செய்திகள் எல்லாம். (ஏவிஆரில் சும்மா எழுதிய சரங்கள் ரேமுக்குள்ளும் நகல் ஆகும் என்பது தனிச் சோகம்.)

அப்படியானால் கம்பைலர் ஏன் பாதிகூட ஆகவில்லை என்று சொன்னது? திரை லைப்ரரி தன்னுடைய 1,024 பைட்டை நிரல் ஓட ஆரம்பித்த பிறகுதான் மேலாக் மூலம் கேட்டு வாங்குகிறது. கம்பைல் செய்யும் நேரத்துக் கணக்கில் அது வராது. இடம் கிடைக்காவிட்டால் திரையைத் தொடங்கும் ஃபங்ஷன் "இல்லை" என்று திருப்பிச் சொல்லும்; உதாரண நிரலில் அதைச் சோதிக்கும் இரண்டு வரியும் இருக்கிறது. ஆனால் காப்பி அடிக்கும்போது முதலில் அழிபடுவது அந்த இரண்டு வரிதான். லைப்ரரி எழுதியவர் மேல் தப்பில்லை. 1,024 என்பது அந்தத் திரையின் கணக்கு.

இந்த இடத்தில் இரண்டாம் கட்சிக்காரர் வந்து "பாத்தியா, அதான் சொந்தமா எழுதணும்" என்பார். பொறுங்கள். இதே திரைக்கு யூ8ஜி2 என்று இன்னொரு லைப்ரரி இருக்கிறது. அதில் முழுத் திரைக்கும் 1,024 பைட் எடுக்கும் முறையும் உண்டு, 8 வரிசைகளாகப் பிரித்து 128 பைட்டிலேயே முடிக்கும் முறையும் உண்டு. இரண்டாவதில் படத்தை எட்டு முறை திரும்பத் திரும்ப வரைய வேண்டும், அதனால் மெதுவாகும். நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் வெப்பநிலையைக் காட்டுவதற்கு யார் அவசரப்படப் போகிறார்கள்? வெறும் எழுத்து மட்டும் போதுமென்றால் அதே தொகுப்பில் தாங்கியே இல்லாத ஒரு முறையும் இருக்கிறது. ஒரு வரிகூட சொந்தமாக எழுதாமல் 896 பைட் மிச்சம். வேலைக்கு எந்த உருவம் பொருந்தும் என்று பார்க்காமல், கூகிளில் முதலில் வந்ததைச் சேர்த்ததால் வந்த வினை இது.

எஸ்டி கார்டுக்கும் இதே கதை. ஜப்பானைச் சேர்ந்த சான் என்ற புனைபெயர்க்காரர் எழுதிய ஃபேட்எஃப்எஸ், சின்னச் சிப் உலகத்தில் எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் கோப்பு முறைமை லைப்ரரி. அவரே பெட்டிட் ஃபேட்எஃப்எஸ் என்று ஒரு தம்பியையும் எழுதிவைத்திருக்கிறார். தம்பிக்கு வேண்டியது 44 பைட் ரேமும் கொஞ்சம் ஸ்டாக்கும், ஃபிளாஷில் 2 முதல் 4 கேபி வரை. எப்படி? எதையெல்லாம் செய்ய மாட்டேன் என்று வெளிப்படையாகப் பட்டியல் போட்டிருக்கிறார். புதுக் கோப்பு உருவாக்காது. இருக்கும் கோப்பின் நீளத்தைக் கூட்டாது. எழுதுவதென்றால் செக்டர் ஆரம்பத்திலிருந்துதான் எழுதும். சரி, ஃபிரிட்ஜ் கருவிக்கு இது பிரச்சினையா? கம்ப்யூட்டரில் ஒரு பெரிய காலிக் கோப்பை முன்கூட்டியே கார்டில் போட்டுவிட்டால், கருவி அதன் மேலேயே எழுதிக்கொண்டு போகலாம். அளவைக் குறைக்க எதைக் கைவிட்டோம் என்று நேர்மையாகச் சொல்லும் லைப்ரரி கிடைப்பது பெரிய வரம். சொந்தமாக எழுதுகிறவர்களும் கைவிடத்தான் செய்கிறார்கள். எதைக் கைவிட்டோம் என்று அவர்களுக்கே தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் தீர்த்துவிட வேண்டும். "அந்த லைப்ரரி 2 எம்பி ஜிப், எப்படி 32 கேபிக்குள் போகும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஜிப் கோப்பின் எடைக்கும் சிப்புக்குள் போகும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனிப் பெட்டியில் போடும்படி கம்பைலரிடம் சொல்லி, யாரும் கூப்பிடாத பெட்டிகளைத் தூக்கிப் போடும்படி லிங்கரிடமும் சொல்லிவிட்டால், பயன்படுத்தாதது உள்ளே போகாது. ஆர்டுவினோ இதைத் தானாகவே செய்கிறது. ஆனால் லிங்கர் அப்பாவி. மெய்நிகர் ஃபங்ஷன்கள், ஃபங்ஷன் பாயின்டர் அட்டவணைகள், குளோபல் ஆப்ஜெக்டுகள், இன்டரப்ட் கையாளும் பகுதிகள் இவையெல்லாம் எங்கேயோ யாரோ கூப்பிடக்கூடும் என்று நினைத்து வைத்துக்கொள்ளும். ஏஆர்எம் சிப்பில் சி++ ஐஓஸ்ட்ரீமை ஒரே ஒரு வரிக்காகச் சேர்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு வணக்கம் சொல்ல நூறு கேபிக்கு மேல் போகும். 64 கேபி உள்ள எஸ்டிஎம்32 நீலப் பலகையில் அது ஏறவே ஏறாது.

ஆகையால் ஊகம் வேண்டாம். லைப்ரரி இல்லாமல் ஒருமுறை, சேர்த்து ஒருமுறை கம்பைல் செய்து ஏவிஆர்-சைஸ் காட்டும் எண்களைக் கழித்துப் பார்க்க வேண்டும். யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று பெயர்வாரியாகத் தெரிய வேண்டுமானால் லிங்கரின் மேப் கோப்பு இருக்கிறது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் "லைப்ரரி கனம்" என்றும் "லைப்ரரி லேசு" என்றும் நடக்கும் சண்டைகள் எல்லாம் டீக்கடை அரசியல்.

சரி, எதைச் சொந்தமாக எழுதலாம்? சின்னச் சின்ன உதவிக் கருவிகளைத் தாராளமாக எழுதலாம். எண்ணை எழுத்தாக்குவது, சரத்தின் இடப்பக்கம் காலியிடம் நிரப்புவது, சுழல் தாங்கி, இந்த மாதிரி சமாச்சாரங்கள். இடப்பக்கம் நிரப்புவது என்றதும் 2016 மார்ச் கலாட்டா ஞாபகம் வராமல் இருக்காது. லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பொதியை அதை எழுதியவர் என்பிஎம் கிடங்கிலிருந்து நீக்கிவிட, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் பில்ட் நின்றுபோனது. வெப்காரர்களுக்கு அது ஒரு மதியநேரத் தலைவலி. ஃபிளாஷை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஆட்கள் 11 வரிக்காக இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்பதில் அர்த்தமே இல்லை.

ஏவிஆரில் எஸ்பிரின்ட்எஃப் நல்ல உதாரணம். ஒரே ஒருமுறை கூப்பிட்டாலும் சுமார் ஒன்றரை கேபி போய்விடும், ஏனென்றால் நீங்கள் கேட்காத பதினாறு வடிவங்களும் சேர்ந்து வரும். ஆனால் எல்லோரும் கேட்கும் தசம எண் மட்டும் வராது! ஏவிஆர்-லிப்சியில் வழக்கமாக இணையும் வடிவத்தில் ஃப்ளோட்டை அச்சிடும் பகுதி இடத்தை மிச்சப்படுத்த நீக்கப்பட்டிருக்கிறது. வெப்பநிலை வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி வந்து நிற்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று சந்தேகப்பட்டவர்கள் பட்டியல் நீளமானது. தசம எண்ணும் வேண்டுமென்றால் லிங்கருக்குத் தனியாகச் சொல்லி இன்னும் ஒன்றிரண்டு கேபி கொடுக்க வேண்டும்.

இங்கே கையால் எழுதுவது நியாயம். 4.7 டிகிரியை 47 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டு, பத்தால் வகுத்த ஈவு, ஒரு புள்ளி, பிறகு மீதி. மூன்று வரி. ஒன்றரை கேபி மிச்சம். சபாஷ்.

ஆனால் ஃபிரிட்ஜ் மைனசுக்குப் போனால் என்ன ஆகும்? மைனஸ் 2.3 என்பது மைனஸ் 23. சி மொழியில் ஈவு மைனஸ் 2, மீதி மைனஸ் 3. கார்டில் பதிவாவது "-2.-3". இதைப் பார்த்ததும் ஒருவர் மீதியின் குறியை நீக்கிச் சரிசெய்வார். இப்போது -2.3 சரியாக வரும். எல்லோரும் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மைனஸ் 0.5 வரும்போது பாருங்கள். மைனஸ் 5-ஐ பத்தால் வகுத்தால் ஈவு பூஜ்யம். பூஜ்யத்துக்கு மைனஸ் கிடையாது. மீதியின் குறியை ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது. பதிவாவது "0.5".

தடுப்பூசிப் பதிவுக் கருவிகளில் உறைவு எச்சரிக்கைக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை என்ன தெரியுமா? மைனஸ் 0.5 டிகிரி அல்லது அதற்குக் கீழே, 60 நிமிடம். மூன்று வரி நிரல் பொய் சொல்வது மைனஸ் 0.1 முதல் மைனஸ் 0.9 வரை மட்டும்தான். உறைந்ததா இல்லையா என்று முடிவு செய்யும் எல்லை சரியாக அதற்குள்ளேதான் இருக்கிறது. சென்னை வெயிலில் லேப் மேசைமேல் வைத்து வாரக்கணக்கில் சோதித்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. ஐஸ் கட்டியில் சென்சாரைச் செருகினாலும் அநேகமாகப் பூஜ்யத்தோடு நின்றுவிடும். உப்புப் போட்டால்தான் கீழே இறங்கும். எத்தனை பேர் உப்புப் போடுவார்கள்?

இதைச் சொன்னது கையால் எழுதாதே என்பதற்காக அல்ல. குறியை முதலில் தனியாக அச்சிட்டுவிட்டால் பிழை தீர்ந்தது, அது நாலாவது வரி. மைனஸ் 10 முதல் பிளஸ் 60 வரை 701 மதிப்புகளையும் கம்ப்யூட்டரிலேயே ஓட்டி, நிஜ பிரின்ட்எஃப் தரும் விடையோடு ஒப்பிட்டுவிடலாம். ஒரு நொடிகூட ஆகாது. சொந்தமாக எழுதலாமா என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது: உள்ளே வரக்கூடிய அத்தனையையும் உட்கார்ந்து சோதித்து முடிக்க முடியுமா? முடியும் என்றால் எழுதுங்கள். வெப்பநிலையை அச்சிடும் ஃபங்ஷனுக்கு முடியும்.

இன்டர்நெட்டிலிருந்து வரும் பாக்கெட்டுக்கு முடியாது. அது யாரோ ஒரு விஷமி அனுப்புவது. 701 மதிப்புகளோடு நிற்காது. அதனால்தான் டிசிபி/ஐபி, டிஎல்எஸ், குறியாக்கம் மூன்றும் வேறு ஜாதி வேலைகள்.

இந்த இடத்தில் முதல் கட்சிக்காரர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். 2020 ஜூனில் ஜேஎஸ்ஓஎஃப் என்ற இஸ்ரேல் ஆய்வுக்குழு ரிப்பிள்20 என்ற பெயரில் 19 பாதுகாப்பு ஓட்டைகளை வெளியிட்டது. எல்லாம் ட்ரெக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டிசிபி/ஐபி லைப்ரரியில். சின்னக் கருவிகளுக்கென்றே விற்கப்பட்ட சரக்கு. பிரின்டர், மருத்துவப் பம்பு, தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி என்று கோடிக்கணக்கான கருவிகளுக்குள் போயிருந்தது. அதே வருடம் டிசம்பரில் ஃபோர்ஸ்கவுட் ஆட்கள் அம்னீசியா:33 என்ற பெயரில் இன்னும் 33 ஓட்டைகளை வெளியிட்டார்கள். யூஐபி, எஃப்நெட், பிக்கோடிசிபி, நட்/நெட் என்ற நாலு திறந்தமூல லைப்ரரிகளில். நாலுமே அளவில் சின்னதாக இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டவை. வந்த பாக்கெட்டில் சொல்லியிருக்கும் நீளம் நிஜ நீளம்தானா என்று சரிபார்க்காமல் விட்ட தவறுகள் அவற்றில் ஏராளம்.

அப்படியானால் லைப்ரரிதானே குற்றவாளி? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். அந்த ஓட்டைகளை ஒருவர் தேடினார், கண்டுபிடித்தார், ஒவ்வொன்றுக்கும் எண் கிடைத்தது, எந்தப் பதிப்பில் சரியானது என்று எழுதிவைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஹாஸ்டல் அறையில் எழுதிய டிசிபியில் இதே ஓட்டை கண்டிப்பாக இருக்கும், அதைத் தேட உலகத்தில் யாருக்கும் காரணம் இருக்காது. கருவியைத் தாக்க வருகிறவனைத் தவிர.

ரிப்பிள்20 விவகாரத்தில் ட்ரெக் திருத்திய பதிப்பைக் கொடுத்துவிட்டது. அது கருவிகளுக்குப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்த லைப்ரரி தங்கள் கருவிக்குள் இருக்கிறது என்பதே பல தயாரிப்பாளர்களுக்கு உடனே தெரியவில்லை. வேறொருவரிடம் வாங்கிய பலகைக்குள் ஒளிந்திருந்தது. ஆக, ஒரு லைப்ரரியின் விலை அது தின்னும் பைட்டோடு முடிவதில்லை. பின்னால் அதை மாற்றுவதற்கு ஒதுக்கும் இடமும் சேர்ந்ததுதான் விலை.

இந்த இடக் கணக்கை அநேகமாக யாருமே போடுவதில்லை. தூரத்தில் இருக்கும் கருவிக்குப் பத்திரமாகப் புது நிரல் அனுப்ப வேண்டுமென்றால், பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதை இன்னொரு அறையில் இறக்கி, சரிபார்த்து, பிறகு மாற வேண்டும். பாதியில் கரன்ட் போனாலும் பழையது பிழைத்திருக்கும். இதற்கு இரண்டு அறை வேண்டும். 4 எம்பி ஃபிளாஷ் உள்ள ஈஎஸ்பி32 பலகையை ஆர்டுவினோவில் கம்பைல் செய்தால் உச்சவரம்பு 13,10,720 பைட் என்று காட்டுகிறதே, மிச்சம் எங்கே போனது என்று குழம்பியவர்களுக்குப் பதில் இதுதான். அதே அளவு இன்னொரு அறை புதுப்பிப்புக்காகக் காலியாகக் காத்திருக்கிறது. அதற்கப்புறம் கோப்புகளுக்கு ஒரு பகுதி. 64 கேபி சிப்பில் பூட்லோடருக்கு 8 கேபி கொடுத்தால் உங்கள் நிரலுக்கு நிஜமாகக் கிடைப்பது 28. "இன்னும் 30 கேபி சும்மாதானே கிடக்குது" என்று அதிலும் லைப்ரரியை நிரப்பினால், அடுத்த ஓட்டை வெளிவரும் அன்று கையைப் பிசைய வேண்டியதுதான்.

குறியாக்கத்திலும் இடப் பஞ்சம் நிஜம், அதை மறுப்பதில் பிரயோஜனம் இல்லை. ஏஇஎஸ் கணக்கு மட்டும் ஓரிரண்டு கேபிக்குள் அடங்கிவிடும். கணக்கு மட்டும் சரியாக இருந்து என்ன? சாவியை எங்கே வைப்பது, ஒரே எண்ணை இரண்டுமுறை பயன்படுத்தாமல் இருப்பது எப்படி, வந்த செய்தி நடுவில் திருத்தப்பட்டதா என்று அறிவது எப்படி என்று பாதிக்கு மேற்பட்ட வேலை வெளியேதான் இருக்கிறது. சின்னச் சிப்புகளின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டுதான் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் இதற்கென்றே ஒரு பகிரங்கப் போட்டி நடத்தி, 2023 பிப்ரவரியில் ஆஸ்கானைத் தேர்ந்தெடுத்தது. 2025இல் அது தரமாகவே வெளிவந்தது. வருடக்கணக்கில் உலகத்துக் குறியாக்க நிபுணர்கள் ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் உடைக்கப் பார்த்து, தப்பிப் பிழைத்தது அது. இடம் போதவில்லை என்பவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. சொந்தமாக எக்ஸ்ஆர் போட்டு "என்கிரிப்ஷன்" என்று பெயர் வைக்கும் கதவை மூடிவிடலாம்.

பெரிய கருவிகளில் இந்தப் பிரிவினையை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ் ஓடும் கருவிகளில் வைஃபை இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் ஐடபிள்யூடி, இன்டெல் ஆட்கள் ஆரம்பித்தது, 2019இல் 1.0 வந்தது. அளவைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. பட்டியல், ஹேஷ் அட்டவணை, டைமர் போன்ற உதவிக் கருவிகளுக்கு வழக்கமான ஜிலிப்பை விட்டுவிட்டு ஈஎல்எல் என்று ஒரு சின்ன லைப்ரரியைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். குறியாக்கத்துக்கு ஓபன்எஸ்எஸ்எல்லையும் சேர்க்கவில்லை. சொந்தமாகவா எழுதினார்கள்? இல்லை, அடிப்படைக் குறியாக்கக் கணக்குகளை லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்கெனவே இருப்பதிலிருந்து கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். டிஎல்எஸ் நெறிமுறையை மட்டும் அவர்களே எழுதியிருக்கிறார்கள் என்பது உண்மை. அதையே வேலையாகச் செய்ய மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் செய்கிற காரியமில்லை.

பணக் கணக்கையும் பேசிவிடலாம். ஒரு கம்பெனி லட்சம் கருவி செய்கிறது. சின்னச் சிப்பில் அடக்கினால் ஒன்றுக்குப் பத்து ரூபாய் மிச்சம் என்றால் மொத்தம் பத்து லட்சம். ஒரு இன்ஜினியரை ஆறு மாதம் உட்காரவைத்துப் பைட் பைட்டாகச் செதுக்கினாலும் கட்டுபடியாகும். ஊனோவின் பூட்லோடரே அப்படிச் செதுக்கியதுதான். அதற்கு முந்தைய டுமிலானோவே பலகையில் பூட்லோடர் 2 கேபி எடுத்துக்கொண்டது. ஊனோவில் ஆப்டிபூட் வந்து 512 பைட்டில் முடித்தது. பலகை வாங்கிய ஒவ்வொருவருக்கும் 1,536 பைட் இனாம். (அதை ஒரே ஒரு எஸ்பிரின்ட்எஃப் விழுங்கிவிடும் என்பது வேறு விஷயம்.)

ஆனால் புராஜெக்டுக்குச் செய்யப்போவது ஒரே ஒரு கருவி. அதற்குப் போய் 2 கேபி ரேமோடு மல்லுக்கட்டுவதில் வீரம் ஒன்றும் இல்லை. ஆர்டுவினோகாரர்களே 2023இல் வந்த ஊனோ ஆர்4 பலகையில் 256 கேபி ஃபிளாஷும் 32 கேபி ரேமும் வைத்துவிட்டார்கள். 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் ரேம் மட்டும் 264 கேபி. சின்னச் சிப்பிலேயே செய்து பழகுவது நல்ல பயிற்சி, அதில் சந்தேகமில்லை. பயிற்சிக்காகச் செய்ததை அப்படியே கொண்டுபோய் ஆரம்ப சுகாதார நிலையத்து ஃபிரிட்ஜில் மாட்டக் கூடாது, அவ்வளவுதான்.

சிப்பையும் மாற்ற முடியாது, டிஎல்எஸ்ஸும் அடங்காது என்றால்? அப்போது நெட்வொர்க்கை விட்டுவிடலாம். இது தோல்வி என்று நினைப்பவர்கள், 30 நாள் பதிவுக் கருவி என்று தடுப்பூசி ஃபிரிட்ஜ்களுக்காகவே விற்கப்படும் சாதனங்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றில் வைஃபை கிடையாது, சிம் கிடையாது. 30 நாள் வெப்பநிலையை நினைவில் வைத்திருக்கும். எல்லை மீறினால் அலாரம் காட்டும். யூஎஸ்பியில் செருகினால் அறிக்கையைக் கொடுக்கும். இன்டர்நெட் பக்கமே போகாததால் அதன் வழியாக யாரும் உள்ளே வர முடியாது. பேட்டரியும் வருடக்கணக்கில் ஓடும்.